பெரியம்மா பாடாமல் விட்ட வரிகள்

"பட்டுக்கோட்டையார் சரியான வயசுல போயிட்டாருண்ணே."

ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் சொன்னவர் என்னைவிட இளையவர். நிறையப் படிக்கிறவர், நான் மதிக்கிறவர். வாசலில் மைக்செட்டில் பட்டுக்கோட்டையார் எழுதிய 'தூங்காதே தம்பி தூங்காதே' ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் அந்தப் பாட்டு இல்லாமல் போகாது. அவர் விளக்கமும் சொன்னார். பாரதிக்கு 38, புதுமைப்பித்தனுக்கு 42, நா. முத்துக்குமாருக்கு 41, பட்டுக்கோட்டையாருக்கு 29. "இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தா சினிமாக்காரன் கேட்ட எடத்துலயெல்லாம் வளைஞ்சு குடுத்திருப்பாரு. இல்லேன்னா ஏதாவது ஒரு கட்சி மேடையில காணாமப் போயிருப்பாரு. சீக்கிரம் போனதாலதான் இன்னிக்கும் சுத்தமா நிக்கிறாரு" என்றார். சுற்றி இருந்த ரெண்டு மூணு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், மறுநாள் வயலுக்குப் போன பிறகும் அந்த வாக்கியம் விடவில்லை.

இது அவர் ஒருவருடைய கருத்து இல்லை என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. இளமையில் இறந்துபோன கலைஞர்களைப் பற்றி நாம் எல்லோருமே இப்படித்தான் பேசுகிறோம். முதலில் 'ஐயோ' என்கிறோம். அடுத்த மூச்சில் அந்தச் சாவையே அவர்களுடைய பெருமையாக ஆக்கிவிடுகிறோம். வயதைச் சொல்லும்போது குரலில் ஒரு பூரிப்பு வந்துவிடுகிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் பற்றி யார் மேடையேறினாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் '29 வயதுக்குள்' என்ற சொல் வந்துவிடும், கைதட்டலும் வந்துவிடும். ஒரு மனிதன் 29 வயதில், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனதில் கைதட்ட என்ன இருக்கிறது?

தண்ணீர் புதிதாக வந்த ஊர்

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், புதாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. டெல்டா என்றதும் வெளியூர்க்காரர்கள் கும்பகோணத்தையும் திருவையாற்றையும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் வருஷமாக வாய்க்காலில் தண்ணீர் பார்த்த ஊர்கள் அவை. எங்கள் பக்கம் அப்படி இல்லை. மேட்டூர் அணையோடு சேர்த்து, நாங்கள் புதாறு என்கிற கல்லணைக் கால்வாய் வெட்டி, 1934-ல் அந்தத் திட்டம் முடிந்த பிறகுதான் இங்கே காவிரி வந்தது. அதற்கு முன் ஏரியும் மழையும்தான். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காட்டில் கல்யாணசுந்தரம் பிறந்தது 1930 ஏப்ரல் 13. ஆற்றைவிட அவர் நாலு வயது மூத்தவர். கரம்பாகக் கிடந்த நிலம் நஞ்சையாக மாறுவதைச் சின்னப் பையனாக நின்று பார்த்த தலைமுறை அது. யார் வெட்டினார்கள், யார் கரை கட்டினார்கள், கடைசியில் யார் களத்தில் நெல் ஏறியது என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்குக் கண்ணெதிரே நடந்த சங்கதி. அவருடைய பாட்டுகளில் வேலைகள் அத்தனை துல்லியமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அவர் அப்பாவும் பாட்டுக் கட்டியவர், கும்மி எழுதியவர். மகனுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லை. அதற்குப் பதிலாக அவர் பார்த்த வேலைகளை எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள்: 17. விவசாயம், மாடு மேய்ப்பது, மாட்டு வியாபாரம், மாம்பழம், இட்லி, முறுக்கு, தேங்காய், கீற்று, மீனும் நண்டும் பிடிப்பது, உப்பளம், தண்ணீர் வண்டி, மிஷின் ஓட்டுவது... பட்டியலின் கடைசியில்தான் பாடகர், நடிகர், நடனக்காரர், கவிஞர் எல்லாம் வரும். கவிஞர் என்பது அவருடைய பதினேழாவது தொழில். பதினைந்து பதினாறு வயதில் அவர் கட்டிய முதல் பாட்டு கெண்டைக் குஞ்சைப் பற்றியது. கரையோரம் மேயாதே, தூண்டில்காரன் வரும் நேரமாச்சு என்று மீன்குஞ்சை எச்சரிக்கிற பாட்டு. மீன் பிடிக்கத் தெரிந்தவன் மீனின் பக்கம் நின்று எழுதியது. அந்த வயதிலேயே எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவாகியிருக்கிறது.

அவருடைய வாலிபம் தஞ்சை மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். பண்ணைகளில் சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலுக்கும் எதிராகச் சங்கம் கட்டிய காலம். அந்தப் போராட்டத்தில் நின்ற வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் போலீஸ் குண்டுக்குப் பலியானது 1950-ல். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு 20 வயது, அந்த ஊர்கள் எல்லாம் அவர் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. அந்தப் போராட்டங்களின் பலனாகத்தான் 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது வரும். சக்தி நாடக சபாவில் நடித்தது, புதுச்சேரிக்குப் போய்ப் பாரதிதாசனிடம் இருந்தது, கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவின் இயக்கத்தோடு நின்றது, கட்சிப் பத்திரிகையான ஜனசக்தியில் எழுதியது எல்லாம் தெரிந்த கதைகள். சினிமாவுக்கு எழுத ஆரம்பித்தது 1954, 55 வாக்கில். 1956-ல் 'பாசவலை' அவரை ஊரெல்லாம் அறியச் செய்தது. 1959 அக்டோபர் 8-ல் சென்னையில் முடிந்துவிட்டது. சினிமாவில் ஏறக்குறைய ஐந்து வருஷம், 200-க்குக் கொஞ்சம் குறைவான பாட்டுகள்.

நண்பர் சொன்ன 'வளைஞ்சு குடுத்திருப்பாரு' என்பதை இந்த ஐந்து வருஷத்தில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. 'கல்யாண பரிசு' படத்துக்கு ஏ.எம். ராஜா இசையில் அத்தனை காதல் பாட்டும் அவர் எழுதியதுதான். 'அமுதவல்லி'யில் வரும் 'ஆடைகட்டி வந்த நிலவோ'வும் அவருடையதுதான். காதல் எழுதியதால் அவர் எதையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஜெமினி மாதிரி பெரிய கம்பெனியின் 'இரும்புத்திரை'யில் போய், சம்பளத்தைக் கையில் வாங்கிப் பையில் போடுவதற்குள் காசு போன இடம் தெரியவில்லை என்று ஒரு தொழிலாளியைப் புலம்ப விட்டவர் அவர். சிரிப்பு நடிகர் வாயில் வந்த பாட்டு. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவன், மாசக் கடைசியில் அதே பாட்டைச் சிரிக்காமல் பாடியிருப்பான். பாட்டுக்குப் பணம் தராமல் நிற்கவைத்த ஒரு பட முதலாளியின் மேஜையில், காரமாக நாலு வரி எழுதி வைத்துவிட்டு வந்தார் என்றும் பணம் பின்னாலேயே வந்து சேர்ந்தது என்றும் ஒரு கதை எங்கள் பக்கம் வழங்குகிறது. இப்படிப்பட்ட ஆளுக்கு வயதானால் முதுகு வளைந்துவிடும் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம்?

ஆனால் இந்த வாதம் எனக்கே போதவில்லை. ஐந்து வருஷம் வளையாமல் இருந்ததை வைத்து ஐம்பது வருஷத்துக்கு உத்தரவாதம் தர முடியாதுதான். நண்பர் சொன்னது தப்பு என்று உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரிந்தது. எங்கே தப்பு என்பதைப் பெரியம்மாதான் காட்டினார்கள்.

பெரியம்மா நிறுத்திய இடம்

பெரியம்மாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல் இருக்கும். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போனவர். பண்ணை நிலத்தில் விடியக்காலம் இறங்கினால், காரியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்க, நெரை பிடித்து நட்டுக்கொண்டே போவார்களாம். 'நாடோடி மன்னன்' வந்தது 1958 ஆகஸ்டில். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு அது வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆகியிருக்கும். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார். கல்யாண வீட்டுப் பேச்சு நடந்து சில நாள் கழித்து, அறுப்பு முடிந்த ஒரு வெயில் நேரத்தில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தின் 'காடு வெளஞ்சென்ன மச்சான்' பாட்டைப் போட்டேன்.

அந்தப் பாட்டின் கட்டுமானம் தெரியாதவர்கள் டெல்டாவில் இருக்க மாட்டார்கள். ஆண் முதலில் வேலைகளைச் சொல்லிக்கொண்டே போவான். சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தியது, ஏர் ஓட்டியது, கரையை உயர்த்தியது, வாய்க்கால் வெட்டியது, சம்பா நாற்றைப் பறித்து நட்டது, தண்ணீர் விட்டது. ஒரு வேலைகூட வரிசை மாறவில்லை. சினிமாவில் வயலைப் பாடிய பலருக்கு நாற்றங்கால் எது, நடவு வயல் எது என்றே தெரிவதில்லை. இவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் காலில் சேறு பட்டிருந்தது. அத்தனை உழைப்பையும் சொல்லி, வரப்பே மறைகிற அளவுக்கு நெல் விளைந்திருக்கிறது என்று அவன் பூரித்து நிற்கும்போது பெண் கேட்பாள்: காடு வெளஞ்சென்ன மச்சான், நமக்குக் கையும் காலுந்தானே மிச்சம்? டி.எம். சௌந்தரராஜனின் அந்தக் கம்பீரத்துக்கு நடுவில் பானுமதியின் குரல் கொஞ்சமும் உயராமல் வந்து விழும்.

பெரியம்மா அந்த இடத்தில் கூடவே பாடினார்கள். குரல் நடுங்கியது, ஆனால் ராகம் பிசகவில்லை. ஆண் பதில் சொல்ல ஆரம்பித்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். மறுபடி பெண் குரல் வந்ததும் சேர்ந்துகொண்டார்கள். மறுபடி நிறுத்தினார்கள். கடைசியில் 'நானே போடப்போறேன் சட்டம்' வந்தபோது உதடுகூட அசையவில்லை.

"ஏன் பெரியம்மா, அந்த வரியெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கல. அது ஆம்பளப் பாட்டு. நாங்க அத எடுக்க மாட்டோம்."

"நடவுல ஆம்பள ஏது? நீங்கதான ரெண்டையும் பாடணும்?"

"பாடலாந்தான். யாரும் எடுக்கல தம்பி. நம்ம வரிய மட்டும் பாடுவோம், அப்பறம் குனிஞ்சு நெரைய முடிச்சிருவோம். கொட்டாயில அந்தச் சட்டம் போடுற எடத்துல விசிலடிப்பானுவ. நாங்களும் கைதட்டுனோம், இல்லேங்கல. வயல்ல வந்து யாரு பதில் சொன்னா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர்களாகவே சொன்னார்கள்: "கேள்விய எழுதுனதும் அந்தப் புள்ளதான், பதில எழுதுனதும் அந்தப் புள்ளதான். அந்தப் பதிலு என்னாச்சுன்னு பாக்க அது இல்லாமப் போயிருச்சு. இருந்திருந்தா திரும்பவும் கேட்டிருக்கும்."

பிறந்த வருஷத்தைப் பார்த்தால் பட்டுக்கோட்டையார் பெரியம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனால் பெரியம்மாவுக்கு அவர் 'புள்ள'. 29-லேயே நின்றுபோனவரைத் தாண்டி அவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் நடந்து வந்துவிட்டார்கள். 'சரியான வயசுல போயிட்டாரு' என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் என்ன பேச்சு இது என்று கேட்டிருப்பார்கள்.

கேட்கிறவள் இல்லாத பாட்டு

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு அந்தப் பாட்டையே யோசித்துக்கொண்டிருந்தேன். 'நானே போடப்போறேன் சட்டம்' என்ற வரியை எல்லோரும் எம்.ஜி.ஆருக்காக முன்கூட்டியே எழுதின வரி என்று கொண்டாடுகிறார்கள். 1977-ல் அவர் முதலமைச்சர் ஆனதும் அது தீர்க்கதரிசனம் என்றே ஆகிவிட்டது. தன் நாற்காலியின் கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று எம்.ஜி.ஆரே சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வரி பின்னாலிருந்து வந்ததாகவே படுகிறது. மேலே சொன்னேனே, 1952-ன் பண்ணையாள் சட்டம். அடி வாங்கிய மனிதர்கள் கூடி நின்றால் சட்டம் என்ற ஒன்றை வரவைக்க முடியும் என்பதைத் தன் 22-வது வயதில், தன் மாவட்டத்திலேயே பார்த்தவர் ஆறு வருஷம் கழித்து அந்த வரியை எழுதுகிறார். அது கதாநாயகனின் வீறாப்பாக மட்டும் அவருக்கு இருந்திருக்காது. நடந்த ஒன்றை வைத்து, இன்னும் நடக்கும் என்று நம்பிச் சொன்னது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே பாட்டில் அவர் அந்தப் பெண்ணையும் நிறுத்திவைத்திருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவள் ஒவ்வொரு முறையும் கேட்ட பிறகுதான் அவன் பதில் சொல்கிறான். அவள் கேட்காவிட்டால் அவனுக்கு அந்தப் பாட்டில் வேலையே இல்லை.

அவர் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்களில் முக்கியமானவர் வாலி. அவரும் காவிரிக்கரைக்காரர்தான், ஸ்ரீரங்கம். பிறந்தது 1931 அக்டோபர். பட்டுக்கோட்டையாரைவிட ஒன்றரை வயது மட்டும் இளையவர். 2013 வரை இருந்தார், கடைசிவரை எழுதினார். இந்த ஒரு கணக்கே எனக்குத் தொண்டையை அடைக்கிறது. 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'க்காக வாலி எழுதிய 'நான் ஆணையிட்டால்' பாட்டு எவ்வளவு பெரிய பாட்டு என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். 1958-ல் சட்டம் போடுகிறேன் என்று சொல்கிறவனுக்குப் பக்கத்தில், மிச்சம் என்ன என்று கேட்கிற ஒருத்தி இருக்கிறாள். 1965-ல் ஆணையிடுகிறவன் தனியாக நிற்கிறான். வாலியை நான் குறை சொல்லவில்லை. காலமும் மாறிவிட்டது, கதாநாயகனும் மாறிவிட்டார். அப்புறம் வந்த தலைவர் பாட்டுகளில் பதில் மட்டும் பெருத்துக்கொண்டே போனது. கேட்கிறவள் கூட்டத்தில் கையசைக்கிறவளாக ஆகிப்போனாள். பட்டுக்கோட்டையார் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். அவளை ஞாபகம் வைத்திருக்கிற ஒரு ஆளாவது அந்தத் தொழிலில் இருந்திருப்பார் என்று மட்டும் சொல்வேன்.

அவர் பார்க்காமல் போனவற்றை நினைக்கும்போதுதான் இழப்பின் அளவு எனக்கு விளங்குகிறது. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். அது எப்படியெல்லாம் பினாமிப் பெயர்களில் கரைந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 'நானே போடப்போறேன் சட்டம்' என்று எழுதியவர், போட்ட சட்டம் எந்த வாய்க்கால் வழியாக வெளியே போனது என்பதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டார். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதில் வளர்ந்த பகை. காடு விளைந்ததில் எனக்கு என்ன மிச்சம் என்ற அதே கேள்வியை மரக்காலும் படியுமாக வயலில் கேட்டார்கள், அதற்கு வந்த பதில் தீ. அப்போது கல்யாணசுந்தரத்துக்கு 38 வயது ஆகியிருக்கும். கவிஞர்கள் வெண்மணியைப் பற்றி எழுதவில்லை என்று இல்லை, எழுதினார்கள், நல்ல கவிதைகளும் வந்தன. ஆனால் நடவுப் பெண்கள் வாயில் ஏறுகிற ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அந்த நாக்கை அறிந்த ஆள், அந்தச் சோகத்துக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே போய்விட்டார். நண்பர் 'சரியான வயசு' என்று சொன்னபோது எனக்கு வராத பதில் இதுதான். சினிமாவுக்கு அது சரியான வயதாக இருக்கலாம். எங்கள் மாவட்டத்துக்கு அது சரியான வயதே இல்லை.

அவரை வாலிபக் கவிஞராகவே நினைத்துப் பழகிவிட்டோம். அவர் பாட்டைக் கேட்டால் ஒரு வாலிபன் பேசுவதாகவே தெரியாது. 'சின்னப்பயலே சின்னப்பயலே சேதி கேளடா' பாட்டு வந்த 'அரசிளங்குமரி' 1961-ல் வெளியானது, அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து. 'திருடாதே'யும் 1961-தான். 'பாதை தெரியுது பார்', 'இரும்புத்திரை' எல்லாம் 1960. சனங்கள் கொட்டகையில் அவருடைய புதுப் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், எழுதியவர் இல்லை. சின்னப்பயலே பாட்டில் பேசுவது ஒரு பெரியவரின் குரல். திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குச் சொல்கிற நிதானம் அதில் இருக்கிறது. அதை எழுதியவர் முப்பதைத் தொடவில்லை. வயதானவரைப் போலப் பேசத் தெரிந்த அந்த ஆளுக்கு உண்மையிலேயே வயதாகியிருந்தால் என்ன பேசியிருப்பார் என்பதைத்தான் நாம் இழந்தோம். ஐம்பது வயதில், நம்பியது பாதி நடந்து பாதி பொய்த்துப்போன பிறகு எழுதுகிற பாட்டுக்கு வேறு கனம் உண்டு. அறுபது வயதுக்கு மேல் இருந்துகொண்டு காவிரி வழக்கைப் பார்த்திருப்பார். கடைமடைக்குத் தண்ணீர் வராத ஐப்பசியைப் பாடியிருப்பார். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, தேங்காயும் கீற்றும் விற்றுப் பிழைத்த அந்த மனிதருக்கு 88 வயது. அந்த வயதில் எழுதுகிறவர்களும் உண்டு.

இப்போது எங்கள் வயல்களில் நடவுக்கு உள்ளூர்ப் பெண்கள் குறைவு. மிஷின் நடவு வந்துவிட்டது. இல்லையென்றால் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் கூட்டமாக வந்து ஏக்கர் கணக்கில் பேசி நடுகிறார்கள். வேகமாக நடுகிறார்கள், நன்றாகவும் நடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வரப்பில் உட்காரும்போது போனில் அவர்கள் பாஷைப் பாட்டு ஓடும். அதில் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரியாது. உள்ளூர்ப் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். நிலம் வைத்திருப்பவனுக்கும் இன்றைக்கு மிச்சம் பெரிதாக இல்லை. கொள்முதல் நிலையத்து வாசலில், மழைக்குப் பயந்து தார்ப்பாயைப் போர்த்திவிட்டு நெல்லோடு படுத்துக் கிடந்தவர்களைக் கேளுங்கள். கேள்வி கேட்க வேண்டியவர்கள் கூடியிருக்கிறார்கள், பதில் சொல்லும் வேஷத்துக்கும் ஆள் குறையவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் பிறந்த நாளையொட்டிப் பாட்டுப் போட்டி வைப்பார்கள். பிள்ளைகள் வருஷா வருஷம் 'தூங்காதே தம்பி'யையும் 'திருடாதே பாப்பா'வையும் பாடிப் பரிசு வாங்குவார்கள். நல்ல பாட்டுகள்தான், பாடட்டும். இந்த முறை அதோடு இன்னொன்றும் வைக்கலாமா என்று தமிழாசிரியையிடம் கேட்டேன். 'காடு வெளஞ்சென்ன' பாட்டில் பெண் பாடுகிற வரிகளை மட்டும் அச்சடித்துக் கொடுப்பது, ஆண் வரிகள் இருக்கிற இடத்தைக் காலியாக விடுவது, பிள்ளைகள் வீட்டில் விசாரித்து அவரவர் பதிலை எழுதிக்கொண்டு வருவது. அப்பா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஒன்று எழுதும், குத்தகைக்கு உழுகிற வீட்டுப் பிள்ளை வேறொன்று எழுதும். ஆசிரியை கொஞ்சம் யோசித்தார்கள். "மார்க் எப்படி சார் போடுறது?" என்று கேட்டார்கள். மார்க் வேண்டாம், எங்கள் பெரியம்மாவை ஒரு நாள் ஆட்டோவில் அழைத்துவருகிறேன், அவர்களுக்குப் படித்துக் காட்டட்டும் என்றேன். தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.